ஒன்பது நாள் காற்று

பிப்ரவரி 2
கரை நிலையம்

அம்மாவுக்கு வணக்கம்.

தலைமை ஆபீஸ் அனுப்பிய கடிதம் இதற்கு முன்பே உங்கள் கைக்கு வந்திருக்கும். அதன் நகலை எனக்கும் காட்டினார்கள். மூன்று தடவை படித்தேன். உங்கள் மகன் இருக்கிறாரா இல்லையா என்று இங்கேயே இருக்கும் எனக்கே அதைப் படித்தால் புரியவில்லை. உங்களுக்கு எப்படிப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இங்கே படகு மெக்கானிக். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பால்வீதியின் நட்டநடுவில் இருக்கும் கருந்துளையைத் தூரத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது எங்கள் நிலையம். நாங்கள் கருந்துளை என்று சொல்வதில்லை, கிணறு என்போம். நிலையத்துக்குக் கரை என்று பெயர். ஒற்றை ஆள் படகில் கிணற்றின் விளிம்புவரை இறங்கி, அளக்க வேண்டியதை அளந்துவிட்டு ஏறி வருவது உங்கள் மகனின் வேலை. நான்கு தடவை போய் வந்தவர். ஜனவரி 20-ம் தேதி ஐந்தாவது தடவை. எஞ்சினைக் குளிர வைக்கும் குழாயில் ஒரு வால்வு அடைத்துக்கொண்டது. எஞ்சின் இறுகிவிட்டது. படகு உள்ளே விழவில்லை. விளிம்பையொட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏறத்தான் முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நேரம் மெதுவாகப் போகும். அவருக்கு ஒரு நாள் என்றால் நமக்கு இரண்டு மாதம். இதை எழுதும் இன்று, அவருக்கு எஞ்சின் நின்று ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. படகில் ஒன்பது நாளைக்குக் காற்று இருக்கிறது. நம் கணக்குக்குப் பதினெட்டு மாதம்.

தபால் கப்பல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. நீங்கள் கேட்பதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
படகு மெக்கானிக்


மார்ச் 1

மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக்கு இல்லை, வேலை இடத்துக்கு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். ஈரப் போர்வைகளை உலர்த்தியில் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அந்தத் தொப்பியைப் பார்த்ததுமே முடிந்தது என்று கூடையைக் கீழே போட்டேன். "இல்லம்மா, இருக்கார், ஆனா..." என்றார். அந்த ஆனாவுக்கு அப்புறம் அரை மணி நேரம் பேசினார். மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியும் புரியவில்லை. நீங்கள் எழுதியது புரிகிறது. அதற்கு நன்றி.

ஆனால் ஒரு விஷயம். வால்வு அடைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வால்வு தானாக அடைத்துக்கொள்ளுமா? எங்கள் மெஷினிலும் வால்வு உண்டு. யாராவது பார்க்காமல் விட்டால்தான் அடைக்கும். அப்படி அடைத்தால் யார் பார்க்காமல் விட்டது என்று சூப்பர்வைசர் கேட்பார். நான் இல்லை என்று யார் சொன்னாலும் விடமாட்டார். இத்தனைக்கும் அதில் போவது போர்வை. உங்கள் படகில் போனது என் பிள்ளை. படகைப் பார்த்து அனுப்பியது யார்?

அப்புறம் அவனை அவர் இவர் என்று எழுதாதீர்கள். ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது.

நாலு வருஷமாக நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. கூடவே இருக்கிறவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அவன் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம். எதுவென்று எழுதுங்கள்.

அவன் அம்மா


ஏப்ரல் 2
கரை நிலையம்

அம்மாவுக்கு,

பார்த்து அனுப்பியது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடிதத்தை மேஜையில் போட்டு வைத்திருந்தேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வால்வை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. புதிதாக வந்தது அளவு சரியில்லை. உதிரிக்காகப் பிரித்துப் போட்டிருந்த பழைய படகிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்தச் சமயத்தை விட்டால் மறுபடி இறங்கப் பதினோரு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் மகன் உடுப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அண்ணே, போலாமா?" என்றான். ஒரு நிமிஷம் யோசித்தேன். "போ" என்றேன். பழைய வால்வு என்று அவனிடம் சொல்லவில்லை. விசாரணையில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். இங்கே அவனுக்கு 'கேள்வி' என்று பட்டப்பெயர். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்பான். "இது எங்கம்மாகிட்டேருந்து வந்தது. எங்கம்மா கேக்க ஆரம்பிச்சா போலீஸ்காரனே அழுதுடுவான்" என்பான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது.

மீட்கிற வழியைச் சொல்கிறேன். இங்கே வேறு படகு இல்லை. புதுப் படகு கட்டி அனுப்ப ஒத்துக்கொண்டுவிட்டார்கள். எஞ்சின் நின்ற நாளிலிருந்து எண்ணினால் அது வந்து சேரப் பதினைந்து மாதம். அதில் இறங்கி அவனை எட்ட ஐந்து மாதம். ஆக இருபது. காற்று பதினெட்டு மாதத்துக்கு. இரண்டு மாதம் இடிக்கிறது. அவன் பக்கத்தில் அது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அவனோடு பேச முடியும். நீங்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் நான் கீழே அனுப்புகிறேன்.

மெக்கானிக்


ஏப்ரல் 25

படித்தேன்.

நீங்கள் நல்லவராக இருக்கலாம். உண்மையைச் சொன்னதற்கு உங்களை யாராவது பாராட்டவும் செய்யலாம். என்னால் முடியாது. இனி உங்கள் கையெழுத்தில் கடிதம் வந்தால் பிரிக்கமாட்டேன். அவனிடமிருந்து ஏதாவது வந்தால் அதை மட்டும் அனுப்புங்கள்.

பேசிப் பதிவு செய்தது இதோடு இருக்கிறது. அது அவனுக்கு மட்டும். நீங்கள் கேட்கக் கூடாது.


ஜூன் 20
கரை நிலையம்

அம்மாவுக்கு,

பிரிக்கமாட்டேன் என்றீர்கள். அவன் பேசியது உள்ளே இருக்கிறது என்று உறைமேலேயே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியதை நான் கேட்கவில்லை. நாம் பேசுவதை அப்படியே அனுப்பினால் அவனுக்குக் கொசு கத்துகிற மாதிரி கேட்கும். அறுபது மடங்கு இழுத்து மெதுவாக்கி அனுப்ப வேண்டும். உங்கள் மூன்று நிமிஷத்தை அனுப்ப மூன்று மணி நேரம் ஆனது. மெஷின்தான் செய்தது. நான் எதிரில் உட்கார்ந்து ஊசி ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்னதைப் பதிவாகவும் அனுப்புகிறேன், எழுதியும் தருகிறேன்:

"அம்மா, நீ திட்டினதெல்லாம் கேட்டேன். நாலு வருஷத்துக்குச் சேர்த்து வெச்சிருந்தியா? இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம், பாதியில நிறுத்திட்ட. குரல் ஏன் கரகரன்னு இருக்கு? சளி புடிச்சிருக்கா? அந்த மெஷின் ஆவியில நிக்காதன்னா கேக்க மாட்ட. நான் நல்லா இருக்கேன். பயமா இல்லன்னு சொன்னா நம்ப மாட்ட, அதனால கொஞ்சம் பயமா இருக்குன்னு வெச்சுக்கோ. ஆனா இங்க பாக்கறதுக்கு என்னென்ன இருக்கு தெரியுமா? எனக்குப் பின்னாடி இருக்கிற நட்சத்திரமெல்லாம் வளைஞ்சு முன்னாடி வந்து நிக்குது. கிணத்தைச் சுத்தி நெருப்பு வளையம் மாதிரி. நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த ஒண்ணுமே இல்லாததைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. அண்ணன்மேல கோபப்படாத. போலாமான்னு கேட்டது நான்தான்."

கடைசி வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவன் சொன்னதை வெட்ட எனக்கு உரிமை இல்லை. அதனால் அப்படியே இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். அந்த ஒரு நாளுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. படகில் தூக்க மருந்து உண்டு. அளக்கும் கருவிகளை நிறுத்தி, அறைச் சூட்டைக் குறைத்து, மருந்து போட்டுக்கொண்டு தூங்கினால் ஆள் மூச்சுவிடுவது பாதியாகும். புதுப் படகு எட்டும்வரை காற்று தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வந்த வேலையை முடிச்சுட்டுத் தூங்கறேண்ணே" என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

மெக்கானிக்


ஜூலை 15

மெக்கானிக் தம்பிக்கு,

அண்ணன் என்று அவன் கூப்பிடுகிறவரை நான் வேறெப்படிக் கூப்பிடுவது? கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறது. அதை ஒரு ஓரமாக வைத்திருக்கிறேன்.

அவன் பேசியதைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டுக் கேட்டோம். சூப்பர்வைசரும் நின்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் மறுபடி மெஷினைப் போட்டார்.

நான் சொன்னால் கேட்பான் என்கிறீர்கள். நான் சொல்லி அவன் கேட்ட ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. அவன் அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கல்லூரியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் போகிறேன் என்று வந்து நின்றான். இந்த வீட்டில் ஒரே ஆளாக எப்படி இருப்பேன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. "போறதுன்னா போ. திரும்பி வராத" என்றேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். வழியனுப்ப நான் போகவில்லை. நீங்கள் "போ" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நானும் அதையேதான் சொன்னேன், கூட ஒரு வார்த்தை சேர்த்து. உங்கள் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன் என்று சொன்ன அன்று இதுதான் என்னை உறுத்தியது.

தூங்கச் சொல்லிப் பேசி அனுப்பியிருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன். இதை நீங்கள் கேட்டாலும் பரவாயில்லை. முடிந்தவரை அழாமல்தான் பேசினேன்.

ஒரு சத்தியம் செய்து கொடுங்கள். என்ன ஆனாலும் என்னிடம் பொய் சொல்லக் கூடாது. வயசானவள், மனசு உடைந்துவிடும் என்று எதையும் மறைக்கக் கூடாது.

அவன் அம்மா


அக்டோபர் 5
கரை நிலையம்

அம்மாவுக்கு,

சத்தியம்.

அவன் ஒத்துக்கொண்டான். அவனுக்கு இது நாலாம் நாள். நீங்கள் பேசியது போய்ச் சேர்ந்து, அவன் பதில் சொல்ல எங்கள் கணக்குக்கு மூன்று வாரம் ஆனது. நான் பயந்துவிட்டேன். வந்தது இவ்வளவுதான்:

"சரிம்மா. தூங்கறேன். கரண்டை மிச்சம் பண்ணணும், ரேடியோவையும் நிறுத்திடறேன். நீ ஒழுங்கா சாப்பிடு. அண்ணே, மெதுவா வாங்க, அவசரப்பட்டு எதையும் இடிச்சுடாதீங்க."

அதற்கப்புறம் சத்தம் இல்லை. ரேடியோ அறையில் அவனுக்காக இருந்த விளக்கு அணைந்துவிட்டது. முன்பே சொல்லிவிட்டு அணைத்ததுதான். ஆனாலும் நாங்கள் ஐந்து பேர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதுப் படகு பாதிக்கு மேல் முடிந்துவிட்டதாம். இறங்கப்போவது நான். வேறு இரண்டு பேர் கேட்டார்கள். நிலையத் தலைவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், "விடுங்கப்பா, அவரே போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக்


ஜனவரி 20

தம்பிக்கு,

இன்றோடு ஒரு வருஷம். அவனுக்கு ஆறு நாள்.

காலையில் எழுந்ததும், தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவன் குழந்தையாக இருந்தபோது தூங்கவே மாட்டான். ஆட்டி ஆட்டி என் கை வீங்கிவிடும். இப்போது இத்தனை மாதம் தூங்குகிறான் என்று வேலை இடத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது குற்றம் செய்த மாதிரி இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், இந்த மூன்று மாதம் நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். வேளைக்குப் படுத்தால் தூக்கம் வருகிறது. அவன் அறையில் இருந்த மூட்டை முடிச்சையெல்லாம் எடுத்து ஒதுக்கிவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன்.

நீங்கள் இறங்கி ஏற உங்களுக்கு ஐந்து நாள்தான், எங்களுக்குப் பத்து மாதம் என்று ஆபீஸில் சொன்னார்கள். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் பத்து மாதத்துக்கு யார் காத்திருப்பார்கள்? ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், நான் இதைக் கேட்கவே இல்லை.

அவன் அம்மா


ஏப்ரல் 22
கரை நிலையம்

அம்மாவுக்கு,

நாளைக்கு இறங்குகிறேன்.

படகு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டிவிட்டேன். வால்வுகளை மட்டும் நான் பார்த்தது போதாது என்று இன்னும் இரண்டு பேரைப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் புதுசு.

யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு அக்கா இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள், அதில் பாதி அவள் மூட்டு வலி. கல்யாணம் செய்துகொண்டேன், நிலைக்கவில்லை. நான் எப்போதும் ஏதாவது ஒரு எஞ்சினுக்கு அடியில் கிடந்தேன், அவள் எத்தனை நாள் என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்? அதனால் எனக்கு இது பெரிய இழப்பு இல்லை. ஐந்து நாள் வேலை, அவ்வளவுதான்.

கீழே இருக்கும்போது எழுத முடியாது. செப்டம்பர் 20 வாக்கில் அவனை எட்டுவேன். பிப்ரவரியில் மேலே வருவோம்.

மெக்கானிக்


செப்டம்பர் 20

தம்பிக்கு,

இதை நீங்கள் பிப்ரவரியில்தான் படிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்று நீங்கள் அவனை எட்டியிருப்பீர்கள். லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தேன்.

அவனை எழுப்பும்போது தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிடுவான். காலை மெதுவாக அசைத்தால் போதும். எழுந்ததும் கொஞ்ச நேரம் சிடுசிடு என்று இருப்பான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பேரும் பத்திரமாக வாருங்கள்.

அவன் அம்மா


பிப்ரவரி 27
கரை நிலையம்

அம்மாவுக்கு,

ஆபீஸ்காரர்கள் உங்களைப் பார்க்க வருவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால் கப்பலின் மாலுமியிடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவனை மேலே கொண்டுவந்துவிட்டேன். உயிரோடு இல்லை.

சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன். நான் அவன் படகைத் தொட்டுக் கதவைத் திறந்தபோது அவன் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இருக்கையில் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மருந்துப் பெட்டி அதன் இடத்தில் இருந்தது. முத்திரைகூட உடையவில்லை. அவன் தூங்கவே இல்லை அம்மா.

மடியில் ஒரு நோட்டு. ஒன்பது நாளும் எழுதியிருக்கிறான். பெரும்பாலும் எண்கள். நடுநடுவே இரண்டு மூன்று வரி. நாலாம் நாள் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணன் கணக்கு தப்பு. அறைச் சூடு குறைஞ்சா காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் நின்னுடும். சூட்டைக் குறைக்க முடியாது. குளிர் இல்லாம தூங்கினா மூச்சு அவ்வளவா குறையாது, பத்தொன்பது மணி நேரம் இடிக்குது. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன். அங்க அவங்களுக்கு ஒரு வருஷம் நிம்மதியா போகும். எப்படியும் போறதுதான்னா முழிச்சிருந்து பாத்துட்டுப் போறேன். அண்ணே, வராதீங்கன்னு சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும், அதான் சொல்லல. மன்னிச்சுக்குங்க. வந்ததுக்கு இந்த நோட்டையும் அளந்ததெல்லாம் இருக்கிற பதிவுப் பெட்டியையும் மேல கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

உங்களைக் கெஞ்சச் சொன்னது நான். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். பத்து வருஷமாக அந்த மெஷினைக் கழற்றி மாட்டுகிறவன், அதற்குச் சூடு வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்தது. வால்வோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. "தலை வலிக்குது. வளையம் இன்னிக்கு நீலமா தெரியுது. இந்நேரம் அம்மாவுக்குச் சளி போயிருக்கும்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே சில எண்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்த இங்குள்ள பெரியவர்கள், இப்படி ஒன்றை இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை என்கிறார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

திரும்பி ஏறுவதற்கு எனக்கு இரண்டரை நாள். அவனைப் பின்னிருக்கையில் கட்டி வைத்திருந்தேன். நீங்கள் செப்டம்பரில் எழுதிய கடிதத்தை மேலே வந்ததும்தான் படித்தேன். காலை அசைத்து எழுப்பச் சொல்லியிருந்தீர்கள். கதவைத் திறந்ததும் நான் தோளைத்தான் தொட்டேன்.

இங்கே குளிர் அறையில் இருக்கிறான். நீங்கள் சொன்னால் அடுத்த கப்பலில் அனுப்புவார்கள். நீங்கள் அனுமதித்தால் நானே கூட வருகிறேன். வர வேண்டாம் என்றாலும் புரியும்.

மெக்கானிக்


மார்ச் 22

தம்பிக்கு,

கடிதம் ஆபீஸ்காரர்களுக்கு முன்பே வந்துவிட்டது. அவர்கள் வந்தபோது தொப்பியைக் கழற்றினார்கள். தெரியும் என்று சொல்லி உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவர்களும் பாவம்தான்.

சின்ன வயசிலிருந்தே அவன் "சரிம்மா" என்றால் செய்யமாட்டான் என்று அர்த்தம். செய்வதாக இருந்தால் வாதாடுவான், ஏன் எதற்கு என்று உயிரை எடுப்பான், கடைசியில் செய்துவிடுவான். சண்டை போடாமல் சரிம்மா என்று சொன்னால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தன் இஷ்டத்துக்குப் போய்விடுவான். இது எனக்குத் தெரியும் தம்பி. என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? அந்தப் பதிவை நூறு தடவை போட்டுக் கேட்டிருப்பேன். நூறு தடவையும் அந்தச் சரிம்மா எனக்குக் கேட்டது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அவன் பொய் சொன்னான், நான் நம்பினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்த நிம்மதியைச் செய்துகொண்டோம்.

அந்த மாதங்களில் நான் சாப்பிட்ட சாப்பாடும் தூங்கிய தூக்கமும் அவன் கொடுத்தது. இரண்டு நாளாக எதுவும் இறங்கவில்லை. ஆனால் சாப்பிடுவேன். ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறான், அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை.

உங்கள் கணக்குத் தப்பாகப் போனதால்தான் எனக்கு அந்த மாதங்கள் கிடைத்தன. சரியாகப் போட்டிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து அழுதிருப்பேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வால்வை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நேரில் பார்த்தால் திட்டுவேனோ என்னவோ. அவனைத் திட்ட முடியாது, உங்களைத்தான் திட்ட வேண்டும். அதற்காகவாவது வாருங்கள். வேறு யாரிடமும் அவனைக் கொடுத்து அனுப்பாதீர்கள். மற்றவர்களுக்கு அவன் ஒரு பெட்டி.

துறைமுகத்திலிருந்து ஆபீஸ் வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்களாம். ஓட்டுகிறவருக்கு எங்கள் தெரு தெரியாது. நீங்கள் முன்னால் உட்கார்ந்து வழி சொல்லுங்கள். ஆஸ்பத்திரியைத் தாண்டி இரண்டாவது சிக்னலில் இடது பக்கம். சாவி செய்கிற கடை ஒன்று மூலையில் இருக்கும், அதையொட்டித் திரும்பினால் ஒருவழிப் பாதை. நாலாவது கட்டடம். வாசலில் குழாய் வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரொம்பக் குறுகல். பீரோ வாங்கியபோது அந்த இடத்தில் திரும்பவில்லை. அவனும் அவன் அப்பாவும் அதை நிமிர்த்தி, சாய்த்து, சுவரில் தேய்த்துத்தான் ஏற்றினார்கள்.

அவனை அப்படிச் சாய்க்க வேண்டாம். கீழேயே வையுங்கள். நான் இறங்கி வருகிறேன். முழங்கால் சரியில்லை, கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் அவன் பக்கத்தில் நில்லுங்கள்.

அவன் அம்மா